கடைசி நான்கு நிமிடங்கள்

ஆக்லாந்து
16.8.1987

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி ராஜேந்திரா எழுதிக்கொள்வது. நானும் சுமனும் இங்கே சுகமாக இருக்கிறோம். உங்களுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மாமாவுக்கு மில்லில் ஒழுங்காக வேலை நடக்கிறதா என்று எழுதவும்.

வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. குளிர் பழகவில்லை. உங்கள் தம்பி பெண்டாட்டி சுமன் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ரொட்டி சுடுகிறாள். மே மாதம் பிஜியில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த அன்று பா டவுனில் கடைகளைச் சாத்தியதும், நீங்கள் உள்ளே உட்கார்ந்துகொண்டு ரேடியோவைத் திருகிக்கொண்டே இருந்ததும் இன்னும் கண்ணில் நிற்கிறது. இங்கே யாரும் எதையும் சாத்துவதில்லை.

நல்ல செய்தி, எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஓர் இசை அரங்கத்தில், நிர்வாகம் சம்பந்தப்பட்டது. பதினைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்குச் சரிப்படுமோ என்று பயந்தேன். சரிப்பட்டுவிட்டது.

இதோடு ஒரு கேசட் வருகிறது. அரங்கத்தில் வாசிக்கும் பையன்கள் நாலு பேர் வீட்டு கராஜில் தாங்களே பதிவு செய்து, அட்டையை ஜெராக்ஸ் எடுத்து, வாசலில் நின்று விற்கிறார்கள். அவர்கள் குழுவுக்கு 'வெட் மேட்சஸ்' என்று பெயர். நம் பேச்சில் ஈரத் தீக்குச்சி. இந்த வகைப் பாட்டுக்கு பங்க் என்கிறார்கள். முப்பது வருஷமாகப் பாட்டு கேட்கிற காது உங்களுடையது, கேட்டுவிட்டுத் திட்டி ஒரு கடிதம் எழுதுங்கள். அந்தத் திட்டைப் படிக்க வேண்டும்போல் இருக்கிறது.

மாமாவுக்கு வணக்கம் சொல்லவும்.

உங்கள் தம்பி,
ராஜேந்திரா

*

வரதோலி, பா
6.9.1987

அன்புத் தம்பி ராஜேந்திராவுக்கு அக்கா கம்லாவின் ஆசீர்வாதம். சுமனுக்கும் சொல். இங்கே எல்லோரும் நலம். முழங்கால் மழை வந்தால் சொல்கிறது, மற்ற நாளில் சும்மா இருக்கிறது.

கேசட் கிடைத்தது. திட்டத்தான் உட்கார்ந்தேன். முதல் பாட்டு முடிந்ததும் திட்ட வாய் திறந்தேன், அதற்குள் மூன்றாவது பாட்டு வந்துவிட்டது. ஒன்றும் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகவில்லை. பாடுகிற பையன் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன்போல் கத்துகிறான். ஆனால் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ணி முடித்த நொடியில் நாலு பேரும் ஒன்றாக விழுகிறார்கள் பார், அது எனக்குப் பிடித்துவிட்டது. நம் பஜனையில் தொடங்குவதற்கே கால் மணி நேரம் தொண்டையைக் கனைப்போம். ஐந்தாவது பாட்டில் கிடார்காரன் தப்பாக ஒரு இடத்துக்குப் போய்விட்டு, வெட்கப்படாமல் அங்கேயே நிற்கிறான். இதை அவனிடம் சொல்.

இன்னொரு உபயோகமும் கண்டுபிடித்தேன். என் கடை வழக்கம் உனக்குத் தெரியும். அவரவர் கேட்ட பாட்டைப் பதிந்து கொடுக்கும்போது, கடைசியில் நாடா வெறுமையாக இருந்தால் நம் ஜனங்களுக்குப் பொறுக்காது. "கம்லாக்கா, இன்னா இது, கடசில ஒண்ணுமே இல்லியே, பாதி கேசட்டு காலி" என்று கொண்டுவந்து நீட்டுவார்கள். மீதி இடத்தில் ஏதாவது போட்டு நிரப்பியாக வேண்டும். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் மிஞ்சினால் சினிமாப் பாட்டு எதுவும் பொருந்தாது. உன் ஈரத் தீக்குச்சி அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்காருகிறது. நேற்று ஆறு கேசட்டின் வாலில் போட்டிருக்கிறேன்.

வேலை நல்ல வேலையாகக் கிடைத்தது பற்றி உன் மாமாவுக்குச் சந்தோஷம். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "நம்ம ராஜேந்திரா அங்க ஆபீசுல இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அக்கா கம்லா

*

ஆக்லாந்து
27.9.1987

அன்புள்ள அக்கா,

எல்லோரும் பத்திரமாக இருக்கிறீர்களா? அதை முதலில் எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் பட்டாளம் என்று ரேடியோவில் சொன்னார்கள். அன்றிலிருந்து போன் போட்டுப் பார்க்கிறேன், லைன் கிடைக்கவில்லை. சுமன் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரே வருஷத்தில் இரண்டு தடவை. இனி அங்கே என்ன இருக்கிறது? குடியேற்றப் படிவம் இதோடு வைத்திருக்கிறேன். நீங்களும் மாமாவும் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். நான் பொறுப்பேற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். கடையை யாருக்காவது கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கேசட் ஒன்றும் வைத்திருக்கிறேன். சாக்ஸஃபோன் வாசிக்கும் ஒரு பையனுடையது, ஜாஸ். வேறு என்ன அனுப்புவது என்று தெரியவில்லை.

தம்பி,
ராஜேந்திரா

*

வரதோலி, பா
22.11.1987

அன்புத் தம்பிக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூச்சை விடு, சுமனைச் சாப்பிடச் சொல்.

தபாலைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. அதனால் தாமதித்தேன். பிறகு யோசித்தேன், இந்தியில் எழுதினால் படிப்பார்கள், ஆங்கிலத்தில் எழுதினால் படிப்பார்கள், தமிழை எவன் படிப்பான்? அப்பா நம் இருவரையும் பிரம்போடு உட்காரவைத்து எழுதவைத்தது முப்பது வருஷம் கழித்து உதவுகிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கூடாது, பஸ் ஓடக் கூடாது, பந்து விளையாடக் கூடாது என்று சட்டம். அதனால் சனிக்கிழமை என் கடையில் கூட்டம். வீட்டில் அடைந்து கிடப்பவர்களுக்கு வேறு என்ன வேலை, பாட்டுக் கேட்பதுதான். இதில் ஒரு கூத்து நடந்தது, கேள்.

புரட்டாசி சனிக்கிழமைக்குக் கோயிலில் போட பஜனைக் கேசட் கேட்டார்கள். பதிந்து கொடுத்தேன். கை பழக்கம், வாலில் மிஞ்சிய இரண்டு நிமிடத்தை நிரப்பியும் கொடுத்துவிட்டேன். எங்கே கொடுக்கிறோம் என்று யோசிக்கவில்லை. பகல் பூசை முடிந்து எல்லோரும் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறோம். ஸ்பீக்கரில் கோவிந்தா ஓய்ந்தது. நிறுத்துகிறவன் சாம்பார் வாளியோடு இருந்தான். ஒன், டூ, த்ரீ, ஃபோர்.

வரதோலி முழுக்கக் கேட்டது, தம்பி. ரோட்டில் போன பட்டாள லாரி நின்றுவிட்டது. பந்தியில் ஒருவர் கையும் இலையிலிருந்து வாய்க்குப் போகவில்லை. இரண்டு பேர் துப்பாக்கியோடு இறங்கி வாசல்வரை வந்து நின்றார்கள். பாட்டு முடியும்வரை நின்று கேட்டார்கள். முடிந்ததும் சின்னவன் ஒருவன் "வினாக்கா" என்று நன்றி சொல்லிவிட்டு லாரியில் ஏறிக்கொண்டான். அவன் பூட்ஸ் தாளம் போட்டதை நான் பார்த்தேன்.

இந்தியாவிலிருந்து வந்திருக்கும் நம் குருக்கள் ராம்பிரசாத் என்னை என்ன சொல்லப்போகிறாரோ என்று நடுங்கிக்கொண்டு போனேன். "மாமி, டிரம் வாசிக்கிறவன் காலப்பிரமாணம் கொஞ்சம்கூடப் பிசகலை. ஆனா அடுத்த தடவை மங்களம் பாடினப்புறம் போடாதீங்கோ" என்றார்.

கரும்பு லாரி ஓட்டும் பொன்சாமி அன்றே கடைக்கு வந்துவிட்டார். "கடசில வர்றத மட்டும் ஒரு கேசட்டு முழுக்கப் போட்டுக் குடு, கம்லா" என்கிறார். அதற்கு அவசரமாக இன்னும் அனுப்பு.

சாக்ஸஃபோன் பையன் நன்றாக வாசிக்கிறான், ஆனால் தன் வாசிப்பை யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே வாசிக்கிறான். இரண்டு வருஷம் போனால் சரியாகிவிடும்.

படிவம் அலமாரியில் இருக்கிறது. மாமா இரண்டு தடவை எடுத்துப் படித்தார். நான் இன்னும் படிக்கவில்லை.

அன்புடன்,
அக்கா கம்லா

*

ஆக்லாந்து
13.12.1987

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். இங்கே வெயில் வந்துவிட்டது, சுமன் ஒரு ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டாள். நலம்.

உங்கள் கடிதத்தை ஈரத் தீக்குச்சிகளுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். தரையில் உருண்டார்கள். கிடார்காரன் மட்டும் சிரிக்கவில்லை. ஐந்தாவது பாட்டில் தான் தப்பினதை இதுவரை எவரும் கண்டுபிடித்ததில்லையாம், பிஜியில் ஒரு கடைக்கார அம்மா கண்டுபிடித்துவிட்டார் என்று உட்கார்ந்துவிட்டான். அடுத்த ஆல்பம் வெளியே வருவதற்குமுன் உங்களுக்கு அனுப்பிக் கேட்க வேண்டும் என்கிறார்கள். சாக்ஸஃபோன் பையனிடம் நீங்கள் சொன்னதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது அனுப்பும் கேசட் கடையில் கிடைக்காது. மெரே என்று ஒரு பெண், இருபத்திரண்டு வயது, இந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரி இனம். பியானோ வாசிக்கிறாள். அவளோடு டிரம்முக்கு ஒரு பையன், பெரிய பேஸ் வாத்தியத்துக்கு ஒரு பையன். மத்தியானங்களில் காலி அரங்கத்தில் வாசித்துப் பழகுவார்கள். ரேடியோவும் டேப்பும் சேர்ந்த என் டூ-இன்-ஒன்னை ஒரு நாற்காலிமேல் வைத்து, அவள் அனுமதியோடு பதிந்தேன். மூன்றே உருப்படி. ஆல்பம் இன்னும் வரவில்லை. உலகத்தில் இதைக் கேட்கும் ஏழாவது எட்டாவது ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

படிவத்தைப் பாருங்கள் அக்கா. என்னை நம்பி வாருங்கள். எனக்கு இங்கே மரியாதையான இடம் இருக்கிறது.

உங்கள் தம்பி,
ராஜேந்திரா

*

வரதோலி, பா
17.1.1988

அன்புத் தம்பிக்கும் சுமனுக்கும் ஆசீர்வாதம். பொங்கலுக்கு உங்களை நினைத்துக்கொண்டோம். எல்லோரும் சௌக்கியம்.

மெரே கேசட்டை முதல் தடவை கேட்டபோது, ஏன் இந்தப் பெண் பாட்டைத் தொடங்கவே மாட்டேன் என்கிறாள் என்று எரிச்சலாக வந்தது. இரண்டாம் தடவை மாமாவின் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே கேட்டேன். ஊசி நின்றுவிட்டது. மூன்றாம் தடவை கடைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். அவள் ஒரு சின்ன மெட்டை எடுத்து, அதைத் தொடாமல் அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறாள். கடைசியில் ஒரே ஒரு தடவை தொடுகிறாள். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்று கேட்காதே. அவள் பெரிய ஆளாக வருவாள். நான் சொன்னேன் என்று சொல்.

இதை எதன் வாலிலும் போட முடியாது, ஒவ்வொன்றும் ஒன்பது பத்து நிமிடம். கேட்பவர்களுக்குத் தனியாகப் பதிந்து கொடுக்கிறேன். இதுவரை ராம்பிரசாத் குருக்களும், கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர் ஒருவரும் வாங்கியிருக்கிறார்கள்.

ஒரு குறை. இரண்டாவது உருப்படி முழுக்க யாரோ தரையைப் பெருக்கிக்கொண்டே இருக்கிறார்கள். சர், சர் என்று நிற்கவே இல்லை. ஒரு பெண் உயிரைக் கொடுத்து வாசிக்கும்போது பக்கத்தில் துடைப்பத்தைப் போட்டுத் தேய்ப்பது என்ன மரியாதை? நீ நிர்வாகத்தில் இருப்பவன். அந்த ஆளைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை நன்றாகக் கேள்.

இனி முக்கியமான விஷயம். மாமா முடிவு செய்துவிட்டார். மில்லிலிருந்து நின்றுகொள்கிறேன், கடையைக் கொடுத்துவிட்டு நாமும் போவோம் என்கிறார். பக்கத்துத் துணிக்கடை ஜிதேந்திரா நம் கடையை எடுத்துக்கொள்ளத் தயார். மார்ச் மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு மனம் முழுதாக ஒப்பவில்லை, ஆனால் உன் மாமாவுக்கு இருக்கும் ஒரே தைரியம் உன் உத்தியோகம். உன்னை நம்பித்தான் கையெழுத்துப் போடப்போகிறோம். நீ ஒரு வரி எழுது, ஜிதேந்திராவிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா கம்லா

*

வரதோலி, பா
28.2.1988

அன்புத் தம்பிக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? சுமன் நலமா? எங்கள் இருவருக்கும் சுகம்.

ஜிதேந்திரா தினமும் வந்து அலமாரிகளை அளந்து பார்த்துவிட்டுப் போகிறார். உன் பதில் வந்ததும் சொல்கிறேன் என்று நிறுத்திவைத்திருக்கிறேன்.

ஒரு வரி போதும்.

அக்கா

*

ஆக்லாந்து
13.3.1988

அன்புள்ள அக்கா,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம்.

நீங்கள் கேட்ட அந்தச் சத்தம் பற்றி எழுதுகிறேன். அது துடைப்பம் கிடையாது. டிரம் வாசிக்கும் பையன் சில உருப்படிகளில் குச்சியைக் கீழே வைத்துவிடுவான். மெல்லிய கம்பிகளை விசிறிபோல் விரித்துக் கட்டிய ஒரு சாதனம் இருக்கிறது, அதற்கு பிரஷ் என்று பெயர். இரண்டு கையிலும் அதை எடுத்து டிரம்மின் தோல்மேல் வட்டமாகத் தேய்ப்பான். இடது கை தேய்க்கும், வலது கை தட்டும். மெதுவான ஜாஸில் இது வழக்கம். எல்லா ஊரிலும் இப்படித்தான் வாசிக்கிறார்கள். பியானோவின் சத்தத்தை மறைக்காமல் தாளம் மட்டும் நடந்துகொண்டிருக்க இதுதான் வழி. கூர்ந்து கேட்டால் நாலு நாலாக எண்ண முடியும். பெருக்குகிற ஆள் அப்படி எண்ணிக்கொண்டு பெருக்குவானா? ஆகவே அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஆள் யாரும் இல்லை. மெரே வாசிக்கும்போது பெருக்கக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பெருக்குகிறவனுக்கும் தெரியும். அவனும் மனுஷன்தான், அவனுக்கும் காது இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

ராஜேந்திரா

*

வரதோலி, பா
27.3.1988

என் தம்பி ராஜேந்திராவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். முதலில் அதை எழுதிக்கொள்கிறேன்.

நான் கடையைப் பற்றிக் கேட்டேன், அதற்கு ஒரு வரி இல்லை. துடைப்பத்தைப் பற்றிக் கேட்டேன், பக்கம் பக்கமாகப் பதில். உனக்கு எட்டு வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு, பந்து எப்படிச் சுழலும் என்று அப்பாவுக்கு விளக்கம் சொன்னாயே, அது நினைவு வந்தது.

கேசட்டை மறுபடி போட்டேன். நீ சொன்னது சரி, இரண்டாவது உருப்படியில் நாலு நாலாக எண்ணிவிட்டேன். அது டிரம்தான். அந்தப் பையனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். பாட்டு முடிந்தவுடன் நிறுத்திவிடுவது என் வழக்கம். இந்தத் தடவை கையில் மாவு, நிறுத்தவில்லை. மூன்றாவது உருப்படி முடிந்து யாரோ இரண்டு பேர் கை தட்டிய பிறகும் நாடா ஓடிக்கொண்டே இருந்தது. நீ டூ-இன்-ஒன்னை நிறுத்த மறந்திருக்கிறாய்.

நாற்காலிகளை மடக்குகிற சத்தம். பிறகு துடைப்பம், உண்மையான துடைப்பம். நீளமாக இரண்டு இழுப்பு, பிறகு காலில் ஒரு தட்டு. அம்மா காய்ச்சலில் கிடந்த வருஷம் உனக்கு வாசல் பெருக்கக் கற்றுக் கொடுத்தவள் நான். உலகத்தில் வேறு யாரும் காலில் தட்டிப் பெருக்கமாட்டார்கள். கூடவே மெரேயின் மெட்டை முணுமுணுப்பதும் கேட்டது. நீ பாடினால் மேல் சுருதியில் எப்போதும் கொஞ்சம் இறங்கும், இதிலும் இறங்குகிறது. கடைசியில் ஒரு பெண் குரல், ராஜ், அதை அப்படியே போட்டுவிட்டு வாருங்கள், உங்கள் டீ ஆறுகிறது என்று ஆங்கிலத்தில் கூப்பிடுகிறது. அதோடு நாடா முடிகிறது. நாலு நிமிடம்.

ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். நீ பெருக்குகிறாய் என்பதற்கு இல்லை. சாவி என் கையைவிட்டுப் போக நாலு நாள் இருக்கும்போதும் நீ வாயைத் திறக்கவில்லையே, அதற்கு. மாமா மில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? அவரையும் ஒரு நிர்வாகத்தில் சேர்த்துவிட்டிருப்பாயா?

மறுநாள் என்மேலேயே கோபம் வந்தது. அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேள் என்று எழுதியவள் நான்தானே. அதைப் படித்துவிட்டு எட்டு வாரம் எப்படி இருந்தாய் என்று நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. அந்த வரியை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஜிதேந்திராவிடம் கடை கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். உன் உத்தியோகத்துக்காக இந்த முடிவு என்று எண்ணாதே. அவர் அலமாரியை அளக்கும்போதெல்லாம் எனக்கு அவர் கையைத் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது. எனக்கு இந்தக் கடை வேண்டும். இதைச் சொல்ல எனக்கே இத்தனை மாதம் ஆகியிருக்கிறது, உன்னை மட்டும் எப்படித் திட்டுவது. மாமா இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, அந்தக் குளிர்ல போயி நான் இன்னா பண்ணப்போறேன்" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரவள்ளி நடப் போய்விட்டார். உன் வேலை விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

சுமனுக்குத் தெரியுமா?

அன்புடன்,
அக்கா

*

ஆக்லாந்து
17.4.1988

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். நாங்கள் நலம். இந்தத் தடவை நலம் என்பதை நிஜமாகவே எழுதுகிறேன்.

சுமனுக்கு முதல் நாளே தெரியும். சீருடையைத் துவைப்பவள் அவள்தானே.

என் சர்டிபிகேட்டுகளை நாலு பள்ளிக்கூடங்களில் காட்டினேன். இந்த நாட்டில் இது செல்லாது, மறுபடி படிக்க வேண்டும் என்றார்கள். அரங்கத்தில் வேலை காலி என்று பார்த்துப் போனேன், துடைப்பத்தைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு வாரம் செய்வோம், வேறு கிடைத்ததும் அக்காவுக்கு எழுதுவோம் என்றுதான் நிர்வாகம் என்ற வார்த்தையைப் போட்டேன். மாமா ஊரெல்லாம் சொல்லிவிட்டார் என்று நீங்கள் எழுதிய பிறகு திரும்ப வழி தெரியவில்லை. உங்களை வரச் சொன்னதும் பாதி பயத்தில், பாதி தனிமையில். அதிலும் பெரிய பாதி தனிமை. மன்னித்துவிடுங்கள். மாமாவுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன், அதில் எல்லாம் எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை அரங்கத்தின் பின்கட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். மெரே பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, என் மெட்டை உங்கள் அக்காவைத் தவிர இங்கே யாரும் இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை, அவர்கள் வரவில்லையென்றால் கேசட்டாவது போய்ச் சேரட்டும் என்றாள். அவள் முதல் ஆல்பம் அடுத்த மாதம் வருகிறது. உங்களுக்கு முதல் பிரதி.

ஒன்று சொல்கிறேன். மத்தியானம் அவர்கள் வாசிக்கும்போது நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். யாரும் எழுப்பமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படி ஒரு மணி நேரம் ஒருநாளும் கிடைத்ததில்லை. மறுபடி படிக்கவும் பெயர் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

தயவுசெய்து அந்த நாலு நிமிடத்தை அழித்துவிடுங்கள்.

உங்கள் தம்பி,
ராஜேந்திரா

*

வரதோலி, பா
12.6.1988

அன்புத் தம்பிக்கும் சுமனுக்கும் ஆசீர்வாதம். கரும்பு வெட்டுத் தொடங்கிவிட்டது, ஊரெல்லாம் கரி பறக்கிறது. மாமா, நான், முழங்கால் மூவரும் நலம்.

மாமா உன் தாளைப் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மரவள்ளியைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் கடைக்கு வந்த பொன்சாமியிடம், "நம்ம ராஜேந்திரா அங்க அரங்கத்த பெருக்கி வச்சாத்தான் பாட்டே ஆரம்பிக்குதாம்" என்று சொல்கிறார். அவரை ஒன்றும் செய்ய முடியாது.

மெரேயின் ஆல்பம் வந்தது. அட்டை அழகாக இருக்கிறது. நாலாவது உருப்படி புதிது, இல்லையா? அதில் அவள் மெட்டைத் தொடவே இல்லை, தொடுவாள் தொடுவாள் என்று நம்மை உட்காரவைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். நல்ல துணிச்சல். ஒன்பது பிரதி பதிந்து கொடுத்துவிட்டேன். ஈரத் தீக்குச்சிகளின் இரண்டாவது ஆல்பத்தையும் கேட்டேன். கிடார்காரன் இந்தத் தடவை எங்குமே தப்பவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல், பாவம்.

நீ அழிக்கச் சொன்னதை நான் அழிக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. போன வாரம் கல்யாண வீட்டுக்கு ஒரு கேசட் பதிந்தேன். எல்லாப் பாட்டும் போட்ட பிறகு சரியாக நாலு நிமிடம் மிஞ்சியது. என் வழக்கம் உனக்குத் தெரியும். தேடிப் பார்த்தேன், நாலு நிமிடத்துக்கு என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

நேற்று கல்யாணப் பெண்ணின் அப்பா கேசட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கல்லாப்பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார், "கம்லாக்கா, கடசில சரசரன்னு ஒண்ணு வருதே, நடுவுல ஒரு ஆளு முனகிக்கினே இருக்கான். வீட்டுல எல்லாரும் அதத்தான் திருப்பித் திருப்பிப் போடுறாங்க. யாரு அது?"

"புதுசா வந்துக்கினு இருக்கிற ஆளு. என் தம்பி" என்றேன்.

இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த தடவை பெருக்கும்போது டூ-இன்-ஒன்னைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். டீயை ஆறவிடாதே.

அன்புடன்,
அக்கா கம்லா